குதிகாலை ஒட்டி வந்த சத்தம்

"உங்க காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டேதான் வந்தேன் சகலை" என்றார் பெரிய மாப்பிள்ளை.

பாதை வளையும் இடத்தில் ஒரு பாறையில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஈரக் கல்லில் வெறுங்கால் படும் சத்தம், சப்பு சப்பென்று, தன் குதிகாலை ஒட்டியே வந்ததாம். அது மட்டும் கேட்காமல் இருந்திருந்தால் எப்போதோ திரும்பி இறங்கியிருப்பாராம். சொல்லிவிட்டுச் சிரித்தார். சின்ன மாப்பிள்ளையும் சிரித்து வைத்தான். வேறு என்ன செய்வது? வளைவுக்கு இந்தப் பக்கம் ஒரு புதருக்குப் பின்னால் உட்கார்ந்து, ஷூவையும் கம்பளிக் காலுறையையும் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டு, அப்போதுதான் வெறுங்காலோடு அவர் முன்னால் வந்து நின்றிருந்தான். அதுவரை ஏறிய ஏற்றம் முழுவதும் அவன் காலில் ஷூ இருந்தது. அதுவும் அவருக்குக் கல்லெறி தூரம் பின்னால்தான் வந்தான்.

மலையல்லவா, அவர் கால் சத்தமே பாறையில் பட்டு அவருக்குத் திரும்பக் கேட்டிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். குற்றமுள்ள நெஞ்சு எதையும் சட்டென்று நம்பிக்கொள்ளும்.

இந்தக் கூத்து காலைச் சாப்பாட்டு மேசையில் தொடங்கியது. மாமனார் குடும்பத்தோடு மலையடிவாரத்து விடுதிக்கு வந்திருந்தார்கள். பெரிய மாப்பிள்ளை வக்கீல். வீட்டில் சுவர்க்கடிகாரத்தோடு வாதாடினாலும் கடிகாரம்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். செருப்புதான் மனிதனைக் கெடுத்தது, காலை மண்ணில் வைத்தால் பாதி வியாதி போய்விடும் என்று ஆறு மாதமாக வீட்டுத் தோட்டத்தில் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தவர், அன்றைக்கு மேலே உள்ள கல் குடிசை வரை செருப்பில்லாமல் ஏறி இறங்கப் போவதாக அறிவித்தார். பாதை தொடங்கும் இடத்தில் குளிர்காலத்தில் தகுந்த காலணி இல்லாமல் ஏறக் கூடாது என்று பலகையே வைத்திருக்கிறார்கள். பலகை எழுதியவனுக்குக் கால் ஆணி இருந்திருக்கும் என்றார். மாமனார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அதோடு விட்டிருக்கலாம். "நீங்க ஷூ போட்டுக்கங்க சகலை. உங்களுக்குப் பழக்கமில்லை பாருங்க" என்று அன்பாக ஒரு வார்த்தை சேர்த்தார்.

அந்த அன்புதான் தைத்தது. கல்யாணமான நாளிலிருந்து இதே அன்பு. பெரியவர் வீடு கட்டினார், இவன் வாடகை வீட்டில் இருந்தான். பெரியவர் பேசினால் மாமனார் செய்தித்தாளை மடித்து வைப்பார், இவன் பேசினால் விரித்துக்கொள்வார். இவன் மீன் ஏற்றுமதிக் கிடங்கில் உறைகுளிர் அறைக்கு மேற்பார்வையாளன். "நம்ம சின்ன மாப்பிள்ளை ஐஸ் பெட்டிக்குள்ள வேலை பார்க்கிறார்" என்றுதான் மாமனார் ஊருக்கு அறிமுகம் செய்வார். எனவே இவனும் எழுந்து, எல்லார் முன்னாலும் ஷூவை விடுதி வராந்தாவில் கழற்றிப் போட்டான். பிறகு ஸ்வெட்டர் எடுக்கிற சாக்கில் அறைக்குள் போய், இன்னொரு ஜோடி துணி ஷூவைப் பைக்குள் தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் மறைத்தான். வீம்பும் வேண்டும், விரலும் வேண்டும்.

முதலில் ஷூ போட்டுக்கொள்கிறவர் தோற்றவர். அதுதான் பேச்சு.

பாறையை விட்டு எழுந்து பெரியவர் மறுபடி முன்னால் நடந்தார். பனிமூட்டம் பள்ளத்திலிருந்து மெல்ல மெல்ல ஏறி வந்து பாதையின் இரண்டு பக்கத்துக் குட்டை மரங்களையும் ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. ஈர மண்ணும் அழுகிய ஊசியிலையும் கலந்த வாசனைக்கு நடுவே, திறந்த உறைபெட்டியிலிருந்து வருவது போன்ற வாசனையே இல்லாத ஒரு வாசனை மூக்கின் உள்பக்கத்தைக் கீறியது. நடைக்கு ஏற்ப முதுகுப்பையில் தண்ணீர் பாட்டில் மட்டும் குலுங்கியது. வானத்திலிருந்து விழுந்தது மழையா பனியா என்று சொல்ல முடியாமல் இரண்டும் கெட்டானாக இருந்தது. பெரியவரின் சிவப்பு ஸ்வெட்டர் கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு அதன் நிறம் மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. இவன் உட்கார்ந்து ஷூவைப் போட்டுக்கொண்டான். கால் சூடாகச் சூடாக உள்ளே ஒரு குரூரமான சந்தோஷம் ஊறியது. கொஞ்ச தூரம் போகட்டும், வலிக்கிறது சகலை என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். அந்த ஒரு வாக்கியத்தை மாமனார் முன்னால் போட்டு உடைக்கிற அழகை நினைத்துக்கொண்டே ஏறினான்.

அடுத்த நிறுத்தத்தில், இவன் ஷூவை ஒளித்துவிட்டு வந்து நின்றபோது, வலிக்கிறது என்று அவர் சொல்லவில்லை. வலி போய்விட்டது என்றார்.

"ஆச்சரியமா இருக்கு. ஊசி குத்துற மாதிரி இருந்தது, இப்போ சுத்தமா இல்லை. பாதம் பழகிடுச்சு போல."

முகம் மலர்ந்திருந்தது. இவன் அவர் கால் விரல்களைப் பார்த்தான். வெள்ளை. பயந்த வெள்ளை அல்ல, மெழுகின் வெள்ளை. ஒரு விரலில் நகம் பெயர்ந்து தொங்கியது. அங்கே ரத்தம் இல்லை.

கிடங்கில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே இவன் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான். முனகுகிறவனை விடு, சிரிக்கிறவனை வெளியே இழு. உறைகுளிர் அறைக்குள் கை வலிக்கிறது என்று புலம்புகிறவனுக்குக் கையில் இன்னும் உயிர் இருக்கிறது. வலி போய்விட்டது, இன்னும் இரண்டு பெட்டி அடுக்கிவிட்டு வருகிறேன் என்று பல்லைக் காட்டுகிறவனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். அப்படி எத்தனையோ பேரை இவனே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். எனவே தெரியாமல் போயிற்று என்று இவன் சொல்ல முடியாது. தெரிந்தது. நாக்கு நுனி வரை வந்தது.

அப்போது பெரியவர் இவன் தோளில் தட்டி, "உங்களுக்கு இன்னும் வலிக்குதா? பாவம்" என்றார்.

வந்த வார்த்தையை விழுங்கினான். இன்னும் கொஞ்ச தூரம்தான், குடிசையில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசு கணக்குப் போட்டது. குடிசையில் அடுப்பு இருக்கும், அங்கே எல்லாம் சரியாகிவிடும். அவர் திரும்பி நடந்ததும் பனிமூட்டத்துக்குள் குனிந்து மறுபடி நாடாவைக் கட்டினான்.

நிமிர்ந்தபோது அந்தச் சத்தத்தை அவனே கேட்டான்.

முன்னால் பெரியவரின் கால் சத்தம் போய்க்கொண்டிருந்தது, ஒரு காலை லேசாக இழுக்கிற நடை. அதற்கும் இவனுக்கும் நடுவில் இன்னொன்று. சப்பு. சப்பு. சப்பு. ஈரமான, நிதானமான, வெறுங்கால். அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை. எதிரொலி என்றால் அவரைப் போலவே ஒரு காலை இழுக்க வேண்டும். இது இழுக்கவில்லை. இவன் நின்றான். அது நிற்கவில்லை. இவன் வேகமாக ஏறினான், அதுவும் அதே இடைவெளியில் முன்னால் போனது. முதுகுத்தண்டில் வியர்த்தது. அந்தக் குளிரில் வியர்ப்பது நல்லதல்ல என்றும் அவனுக்குத் தெரியும்.

"சகலை" என்று கூப்பிட்டான்.

"சொல்லுங்க" என்று பதில் வந்தது. ஆனால் பெரியவர் அதை இவன் பக்கம் திரும்பிச் சொன்ன மாதிரி இல்லை, பக்கத்தில் வருகிறவரிடம் சொல்கிற தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகு சிரித்தார். பிறகு ஏதோ பேச்சு நடந்தது, சொற்கள் பிடிபடவில்லை, பேச்சின் ஏற்ற இறக்கம் மட்டும் மூட்டத்தின் வழியே வந்தது. ஒரு குரல் பேசியது, நிறுத்தியது, இன்னொரு குரல் பேசியது.

குடிசை திடீரென்று முன்னால் வந்து நின்றது. கல் சுவர், தகரக் கூரை, ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் ஆணியடித்த பிளாஸ்டிக் தாள். வாசலுக்கு முன் ஷூவைக் கழற்ற மறக்கவில்லை இவன். அவ்வளவு பயத்திலும் அதை மட்டும் மறக்கவில்லை. மனிதனின் மானம் அப்படிப்பட்ட சாமான்.

உள்ளே ஒரு மரப்பெஞ்சு, ஒரு இரும்பு அடுப்பு, மூலையில் நனைந்த விறகு. தீக்குச்சிகள் ஒவ்வொன்றாக மருந்து உதிர்ந்து வீணாகின. புகை வந்தது, தீ வரவில்லை. பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து ஸ்வெட்டரைக் கழற்றிப் பக்கத்தில் மடித்து வைத்தார். புழுக்கமாக இருக்கிறதாம். சட்டையின் மேல் பட்டன்களையும் அவிழ்த்தார். கால்கள் இரண்டும் தரையில் அவருடையவை அல்லாதவை போல் கிடந்தன. இவன் குனிந்து அவர் பாதத்தைத் தொட்டான். கிடங்கில் ஆயிரம் தடவை தொட்ட பொருள்தான் அது. கெட்டியாக, மேலே மெல்லிய ஈரத்தோடு. விரலால் சுண்டினால் சத்தம் வரும்.

"நடுவுல நீங்க பேசிக்கிட்டே வந்தது நெஞ்சுல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு சகலை" என்றார் பெரியவர். குரல் குழறியது. "இல்லேன்னா விட்டிருப்பேன். உண்மையைச் சொல்றேன், பாதியிலேயே விட்டிருப்பேன்."

"நான் என்ன பேசினேன்?"

"இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான்னு. நானே நடக்கிறேன், உங்களால முடியாதான்னு."

ஏறும் வழியில் இவன் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

மடியில் பை இருந்தது. பைக்குள் ஷூ இருந்தது, இன்னும் இவன் காலின் சூட்டோடு. எடுத்து அந்தக் கால்களில் மாட்டியிருக்கலாம். மாட்டி, தோளில் தாங்கி, இருட்டுவதற்குள் முடிந்த தூரம் இறக்கியிருக்கலாம். ஒரு மனிதனின் கால் போய்க்கொண்டிருக்கிறது, உயிர் போகவும் அதிக நேரம் இல்லை, இவன் கண் முன்னால் வந்ததோ மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேசை. சின்ன மாப்பிள்ளை பைக்குள் ஷூ வைத்து ஏமாற்றினார் என்கிற கதை. அது விருந்துக்கு விருந்து பரிமாறப்படும். இவன் பிள்ளைகள் கல்யாணத்திலும் பரிமாறப்படும். பெரியவர் செத்தால்கூட அந்தக் கதை சாகாது.

வெட்கமாக இருந்தது. அந்த வெட்கமே பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

கீழே போய் ஆட்களைக் கூட்டி வருவதாகச் சொன்னான். கதவைச் சாத்திக்கொண்டு அசையாமல் உட்காருங்கள், ஸ்வெட்டரைப் போடுங்கள் என்று அவனே அவருக்கு மாட்டிவிட்டான். பெரியவர் குழந்தை மாதிரி கைகளைத் தூக்கிக் கொடுத்தார். "வெறுங்காலோடவா இறங்கப் போறீங்க? கெட்டிக்காரர்தான் நீங்க. மாமாகிட்ட நானே சொல்றேன்" என்றார்.

பத்து வருஷமாக இவன் கேட்க ஏங்கிய வார்த்தை. காதில் விழுந்தது. மனசில் இறங்கவில்லை.

வெளியே வந்து, சுவர் மறைவில், ஷூவைப் போட்டான். ஈர நாடா வழுக்கியது. இரண்டு முடிச்சு போட்டான்.

அப்போது உள்ளே பேச்சு ஆரம்பித்தது.

பெரியவர் ஏதோ கேட்டார். பதில் வந்தது. இவன் கை நாடாவிலேயே நின்றுவிட்டது. பதில் சொன்ன குரல் இவனுடையது. சளி கட்டின மாதிரி லேசாகக் கரகரக்கிற, வாக்கியத்தின் கடைசியில் தாழ்ந்துவிடுகிற, கிடங்கு ஒலிபெருக்கியில் இவனே கேட்டுக் கூசுகிற அதே குரல்.

"இன்னும் கொஞ்சம்தான் சகலை. உச்சி பக்கத்துலதான் இருக்கு. இவ்வளவு வந்துட்டு?"

பிளாஸ்டிக் தாளின் வழியே பார்த்தான். மங்கல். பெஞ்சில் சிவப்பாக ஒன்று. அதன் எதிரில், தரையில் குந்தியிருக்கிற உயரத்தில், வெளிறிய ஒன்று. அது சிவப்பின் கால்களைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது.

பெரியவர் நடந்து வெளியே வந்தார். அந்தக் கால்களால் நிற்கவே முடியாது. நடந்தார். கணுக்கால் மடங்கவில்லை, விரல்கள் மடங்கவில்லை. கல் படியில் பாதம் விழுந்தபோது டொக் என்றது. உறைந்த மீனை மேசையில் போடுகிற சத்தம். டொக். டொக். கீழே போகும் பாதைக்குத் திரும்பவில்லை. மேலே திரும்பினார். அவருக்கு முன்னால் மூட்டத்துக்குள் அந்த இன்னொரு சத்தம், நிதானமாக, சப்பு சப்பென்று வழி காட்டியது.

"சகலை, நில்லுங்க!"

நின்றார். தலையை மட்டும் திருப்பினார்.

"நான் இங்க இருக்கேன். அது நான் இல்லை. நான் வெறுங்கால்ல வரவே இல்லை சகலை. ஷூ போட்டுட்டுத்தான் வந்தேன். மொதல்லேர்ந்து உங்களை ஏமாத்திட்டு இருந்தேன். பாருங்க, காலைப் பாருங்க!"

கத்திக் கத்தித் தொண்டை கிழிந்தது. சொல்லிவிட்டான். எது வெளியே வந்தால் உயிரே போகும் என்று பொத்தி வைத்தானோ அதைச் சொல்லியே விட்டான்.

பெரியவர் யோசித்தார். புருவம் சுருங்கியது. நீதிமன்றத்தில் எதிர்ச் சாட்சியைப் பார்க்கிற பார்வை. பிறகு மேலே, மூட்டத்தைப் பார்த்தார், அங்கே யாரோ அவருக்கு அபிப்பிராயம் சொல்ல வேண்டும் என்பது போல.

மூட்டத்திலிருந்து இவன் குரல் மென்மையாகச் சொன்னது: "அவன் கிடக்கிறான். நான் உங்க கூடவே வந்தேனா இல்லையா?"

"வந்தீங்க" என்றார் பெரியவர். "நீங்கதான் வந்தீங்க."

திரும்பி ஏறினார். சிவப்பு மங்கியது. நிறம் மட்டும். அதுவும் இல்லை.

இவன் துரத்தினான். நாலடி ஏறுவதற்குள் சறுக்கி விழுந்தான். முழங்கை அடிபட்டது. தவழ்ந்தான். புதுப்பனியில் பெரியவரின் பாதத் தடங்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒரு தடத்துக்குள் சின்னதாக ஏதோ கிடந்தது. கூழாங்கல் என்று நினைத்துத் தள்ளினான். நகம் இருந்தது அதில்.

கையைப் பனியில் தேய்த்துத் துடைத்தான்.

மேலே டொக் டொக் நின்றது.

காற்றும் நின்றது. பனி விழுவதும் நின்ற மாதிரி இருந்தது. இவன் மூச்சு மட்டும். இறங்கி ஓட வேண்டும். எழுந்தான். ஓட வேண்டும். கால் இருக்கிறது, ஷூ இருக்கிறது, பாதை இருக்கிறது. ஓடவில்லை. எந்தப் பக்கம் கீழ் என்று தெரியவில்லை. எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை.

பிறகு சத்தம் திரும்பி வந்தது.

டொக். சப்பு. டொக். சப்பு.

சேர்ந்து. ஒரே நடையில். பேசாமல்.

அருகில் வந்தது. மிக அருகில். நின்றது.

மூட்டம் தரையை விட்டு முழங்கால் உயரத்துக்கு எழும்பியது, யாரோ திரையின் கீழ் விளிம்பைப் பிடித்துத் தூக்கின மாதிரி. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. கீழே கால்கள். இரண்டு ஜோடி. ஒரு ஜோடியில் சுண்டுவிரல் இல்லை. அந்த இடம் சுத்தமாக, வறண்டு, இளஞ்சிவப்பாக இருந்தது. இன்னொரு ஜோடி முழுதாக இருந்தது. வெள்ளை. நனைந்து, மடிப்பு மடிப்பாக, வெகுகாலம் தண்ணீரில் ஊறிய தோல். விரல்கள் பத்தும் இவன் பக்கம் பார்த்து நின்றன.

"ஷூவைக் கழட்டுங்க சகலை" என்றார் பெரியவர். குரலில் கோபமே இல்லை. அதே அன்பு.

இவன் தலையாட்டினான். மாட்டேன் என்று. மாட்டேன். மாட்டேன்.

"வலிக்காது" என்றது இவன் குரல்.

இரண்டு ஜோடிக் கால்களும் ஆளுக்கொரு பக்கம் மெல்ல நகர்ந்தன. நடுவில் இடம் விட்டன. பனி மிதிபடாத, ஒரு ஆள் நிற்கிற அளவு இடம்.

கீழே குனிந்தபோது, குனிவது தான்தானா என்று அவனுக்கே தெரியவில்லை. இரண்டு முடிச்சு. முதல் முடிச்சு அவிழ்ந்தது. மடிப்பு விழுந்த வெள்ளைக் கை ஒன்று மூட்டத்திலிருந்து இறங்கி வந்து, இரண்டாவது முடிச்சை அவிழ்க்க அவனுக்கு ஒத்தாசை செய்தது.